பஸ் வராத கதை

மெஹ்ராஜ் டீச்சரின் ஆறாம் வகுப்பில் ஒரு கருத்து நோட்டு உண்டு. கதைப் புத்தகம் எடுத்துப்போகிறவர்கள் திருப்பித் தரும்போது, அதில் தங்கள் கருத்தை எழுதியே ஆக வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குத் தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர், புத்தகங்களையும் தானே சுமந்துகொண்டு வருவார். அதனால் ‘நன்று’ என்று ஒற்றைச் சொல் எழுதித் தப்பிக்க முடியாது.

அந்த வாரம் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் வகுப்பைச் சுற்றி வந்தது. இந்தியாவின் பல ஊர்களைச் சேர்ந்த கதைகள். ராஜா இல்லை, பேய் இல்லை, ஒரு திருடன்கூட இல்லை. முதல் கதையில் ஓர் அம்மா கொடியில் துணி காயப்போடுகிறார். காய்ந்ததும் எடுத்து மடிக்கிறார். அவ்வளவுதான்.

‘இதை எங்கள் அம்மா தினமும் செய்கிறார். யாரும் புத்தகம் போடவில்லை’ என்று நோட்டில் எழுதினான் சின்னதுரை.

‘நல்ல தூக்கம் வந்தது. நன்றி’ என்று எழுதினாள் இருசம்மாள்.

வம்பு வந்தது மூன்றாம் கதையால். மலைப்பாதையில் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். கல்லில் உட்காருகிறார், எழுந்திருக்கிறார், ஒரு நாயோடு பேசுகிறார். பொழுது சாய்கிறது. கதை முடிந்துவிடுகிறது.

“பஸ் எங்க?” என்று எழுந்தான் சின்னதுரை. “பஸ் வர்ற பக்கத்த யாரோ கிழிச்சிருக்காங்க டீச்சர்!”

வகுப்பே தலையாட்டியது. வெள்ளிமலை பஸ் தாமதமாக வரும். வளைவில் நின்று மூச்சு வாங்கும். பஞ்சர் ஆகும். ஆனால் எப்படியும் வந்துவிடும். வராமலே போகும் பஸ்ஸை அந்தப் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை.

புத்தகத்தை முதலில் எடுத்துப்போனவன் செல்லமுத்து. கையில் காகிதம் கிடைத்தால் ராக்கெட் செய்துவிடுவான் என்று பெயர் எடுத்தவன். எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“நான் கிழிக்கல டீச்சர்” என்றான் செல்லமுத்து. பிறகு மெதுவாக, “எங்க ஆடு தின்னிருக்கும்” என்றான்.

“தின்னதை நீ பாத்தியா?” என்று கேட்டார் டீச்சர்.

“பாக்கலைங்க. நான் படிக்கும்போதே பஸ் வர்ற பக்கத்தக் காணோம். ரெண்டு நாளா தேடிக்கினு இருக்கேன். கட்டிலுக்கு அடியில, அரிசிப் பானையில, வூடு பூரா பாத்துட்டேன். எங்கயும் இல்ல. ஆடு மட்டும்தான் பாக்கி.”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். செல்லமுத்து சிரிக்கவில்லை. அவன் தானாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அது.

“இனிமே எனக்குப் புத்தகம் வேணாங்க டீச்சர்” என்றான். கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்தில் இருந்த கண்ணகிக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று எழுந்தாள். “டீச்சர், அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் குடுங்க.”

வாங்கி, பஸ் கதையின் கடைசி வரியைத் தேடினாள். நாற்பத்து மூன்றாம் பக்கம். தாளைத் திருப்பினாள். அவள் முகம் மலர்ந்தது.

“சின்னதுரை, இங்க வா. பஸ் கதை எங்க முடியுது?”

“இந்தப் பக்கத்துல.”

“அடுத்த கதை எங்க ஆரம்பிக்குது?”

சின்னதுரை தாளைத் திருப்பிப் பார்த்தான். “இதே தாளுக்குப் பின்னால.”

“அப்ப நடுவுல ஏதுடா இன்னொரு தாள்? இல்லாத தாளை ஆடு எப்படித் தின்னும்?”

சின்னதுரை பக்க எண்களை இரண்டு முறை எண்ணினான். நாற்பத்து மூன்றுக்குப் பின்னால் நாற்பத்து நான்கு. அசைக்க முடியவில்லை.

“அப்போ பஸ் வரவே வராதா?” என்று கவலையோடு கேட்டாள் இருசம்மாள்.

“எழுதினவர் அவ்ளோதான் எழுதியிருக்கார்” என்றாள் கண்ணகி. “நீ இன்னா நெனைக்கிற?”

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆனது. பஸ் பஞ்சர் என்றாள் இருசம்மாள். இல்லை, ஒரு ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது என்றான் சின்னதுரை. நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்றது கடைசி வரிசை. ஒன்றுமே நடக்காத கதைக்காக இவ்வளவு சண்டையா என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

“சண்டையெல்லாம் நோட்டுல போடுங்க. செல்லமுத்து, நீ இன்னும் எழுதவே இல்ல, மொதல்ல நீ எழுது” என்றார்.

செல்லமுத்து பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து எழுதினான். அதை டீச்சர் உரக்கப் படித்தார்.

‘அந்த ஆள் வீட்டுக்குப் போனாரா என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல கதை.’

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சின்னதுரை புத்தகத்தின் அட்டையைத் தன் சட்டையில் துடைத்து, செல்லமுத்துவிடம் நீட்டினான்.

“தப்பா சொல்லிட்டேன்டா. நீயே எடுத்துக்கினு போ. நாளைக்கு எனக்குக் குடு.”

“நாளைக்கு முடியாது” என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்தான் செல்லமுத்து. “நான் மெதுவாத்தான் படிப்பேன்.”