தொட்டவர் குடில்

“அப்பா, அது எழுந்து போயிருக்குமா?”

மதுரவல்லிக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் வேலையைப் பார்க்க ஒருநாள் வண்டியில் கூடவே வந்திருந்தாள். வழியில் அடிபட்ட முயலைப் பற்றித்தான் அப்படிக் கேட்டாள். “அப்பவே போயிருக்கும் தாயீ,” என்றார் சடகோபன். அது மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கிடந்ததைப் பின்கண்ணாடியில் அவர் பார்த்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து, காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்தில், பிள்ளை மறுபடியும் அதையே கேட்டது. அவரும் அதே பதிலைச் சொன்னார்.

அவள் போய் ஐந்து வருஷமாகிறது. தினமும் காலை ஆறரைக்குச் சடகோபன் தென்காசி நகரவாசல் கேமராவில் முகம் காட்டிவிட்டு, தானோட்டி வண்டியில் செங்கோட்டைக் கணவாய் வரை போய்த் திரும்புவார். விலங்கு நடமாட்டத்தைக் கண்டறியும் காட்டோரத்து உணர்கம்பங்களில் பழுது இருக்கிறதா என்று கண்ணாடிக்குள்ளிருந்தே பார்ப்பது வேலை. பழுதைச் சரிசெய்ய வண்டிக்கு இரும்புக்கைகள் உண்டு. கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடியும் உண்டு. இருபது வருஷத்தில் அதை அவர் திருப்பியதே இல்லை.

ஒருநாள் காலை புதரிலிருந்து பாய்ந்த முயல் ஒன்று சக்கரத்தில் பட்டுச் சுருண்டது. வண்டி தானாக நின்றது.

“என்ன அண்ணாச்சி, தூங்கிட்டீயளா? வண்டி நிக்குது,” என்று ஒலிபெருக்கியில் கேட்டான் கட்டுப்பாட்டு அறை பீர்முகமது.

“முயல் ஒண்ணு அடிபட்டுட்டு.”

“இரும்புக்கையால ஓரமாத் தள்ளிட்டு வாங்க. மத்தியானம் எங்க வீட்டு நெய்ச்சோறு உங்களுக்காக ஆறிக்கிட்டுக் கெடக்கும்.”

“உசிரு இருக்கு, பீரு.”

பீர்முகமது குரலைத் தணித்தான். “அண்ணாச்சி, கதவை மட்டும் திறந்திராதீக. தொட்டா ஒரு வருஷம். மதினி தனியா இருக்காக.”

காட்டு விலங்குகளிடமிருந்து மூன்று கொள்ளைநோய்கள் வந்துபோன பிறகு மனிதர்கள் வகுத்துக்கொண்ட விதி அது. காடு காட்டுக்கு, ஊர் ஊருக்கு. காட்டுயிரைத் தொட்டவர் ஓராண்டு வெளியே, அதற்கென்று கட்டிய குடிலில் தங்க வேண்டும். அதனால் யாரும் எதையும் தொடுவதில்லை.

பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று மகளோடு வந்த அன்றைக்கு நினைத்துத்தான் சடகோபன் முயலை விட்டுவிட்டுப் போனார். இன்று, தன்னை வைத்துத்தான் பெருமாள் பார்த்துக்கொள்ள நினைக்கிறாரோ என்று தோன்றியது. கைப்பிடி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருப்பினார்.

“கதவு திறந்ததாப் பதிஞ்சுக்க, பீரு. நெய்ச்சோறை நீயே தின்னு.”

முயலை ஏந்தினார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. காய்ச்சலில் பிள்ளையின் மணிக்கட்டு இப்படித்தான் துடித்தது. வண்டி கதவை மூடிக்கொண்டு, ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பியது.

முயலோடு அவர் நடந்து சேர்ந்த குடிலில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தொலைபேசி. மூன்றாம் நாள் மனைவி இன்பவல்லி பேசினாள்.

“ஒரு முயலுக்காக என்னை விட்டுட்டுப் போயிட்டீங்கல்ல?”

“அன்னைக்கு அது போகலை, வல்லி. கண்ணாடியில பார்த்தேன். நம்ம பிள்ளை ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் பொய் சொன்னேன்.”

இன்பவல்லி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அப்புறம் எட்டு நாள் அவளிடமிருந்து அழைப்பில்லை. மூங்கில் பத்தை வைத்து, தன் வேட்டியைக் கிழித்து முயலின் ஒடிந்த பின்னங்காலைக் கட்டியிருந்தார். முரட்டுத் துணி உராய்ந்து தோல் புண்ணாகிக்கொண்டிருந்தது. அதைப் பீர்முகமதுவிடம் சொல்லிப் புலம்பினார்.

பன்னிரண்டாம் நாள் காலை ட்ரோன் இறக்கிய அரிசிப்பைக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. கேரட் நாலு. அதன் கீழே, இரண்டு விரல் அகலத்தில் ஒரே சீராகக் கத்தரித்த மெல்லிய பருத்தித் துணிப்பட்டைகள். மஞ்சளில் வெள்ளைப் பூ. ஐந்து வருஷமாக இன்பவல்லி யாரையும் தொடவிடாமல் பீரோவில் வைத்திருந்த பிள்ளையின் கவுன். கடிதம் எதுவும் இல்லை. சடகோபன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டை மாற்றினார்.

ஐம்பத்து மூன்றாம் நாள், விடிந்து வெயில் ஏறாத நேரம், கட்டை அவிழ்த்து முயலைப் புல்லில் விட்டார். அது அசையவில்லை. காது மட்டும் நிமிர்ந்தது. பிறகு ஒரு தத்தல். சற்றே நொண்டி இன்னொன்று. சரசரவென்று புதர் மூடிக்கொண்டது.

வருஷம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. அங்கே கேமரா இல்லை, மனிதர் இல்லை. சடகோபன் மண்ணில் உட்கார்ந்து மஞ்சள் பட்டைகளை ஒவ்வொன்றாக நீவி மடித்தார். மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“போயிட்டுது தாயீ. எழுந்து போயிட்டுது.”