சுண்ணாம்புச் சிலுவை

காலையில் எழுந்தான். இலவங்கப்பட்டை போட்டுக் காப்பி கொதிக்க வைத்தான். குடித்தான். நாக்கில் சூடு தெரியவில்லை. கையுறை, முகமூடி, பை. தொலூக்கா எரிமலைச் சரிவின் புல்வெளியில் பொறிகளைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஒரு பொறியில் மட்டும் அறுவடை எலி ஒன்று இருந்தது. இரவுக் குளிரில் செத்திருந்தது. நபோர் அதை வெள்ளைத் தட்டில் கிடத்தினான். உடல் ஆறிவிட்டால் தெள்ளுப்பூச்சிகள் அதில் தங்காது. சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போகும். தட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் விரலை நோக்கி வரும், ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடலாம். இது அவன் மனைவி ஒடிலியா கண்ட வழி. பூச்சிகள் அவள் ஆய்வு, எலிகள் அவனுடையது.

விரலை வைத்தான்.

பூச்சிகள் ரோமத்திலிருந்து இறங்கின. விரல்வரை வந்தன. நின்றன. பிறகு திரும்பி, தட்டின் மறுவிளிம்பைத் தாண்டிக் குதித்து, தரையோடு போயின. படுக்கையறைப் பக்கம்.

அந்த அறை பூட்டியிருந்தது. காய்ச்சல் நுரையீரலுக்கு ஏறி அவள் இறந்த பிறகு, உடலைக் கிடத்திய இடத்தில் சுண்ணாம்பால் சிலுவை வரைந்தார்கள். ஒன்பதாம் நாள் ஜெபம் முடித்து அதைப் பூவால் கூட்டி அள்ளி, கல்லறையில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஆன்மா வீட்டை விட்டுப் போகும். நபோர் அள்ள விடவில்லை.

சாயங்காலம் அவள் தங்கை கிறிசாந்தா வந்தாள். கையில் சாமந்திப் பூவும், சோள மடலில் சுற்றி அவித்த தமாலும்.

"பொறிக்குள்ள எலிக்கு மட்டும் ஓட்ஸ், வெனிலான்னு விருந்து. நீங்க சாப்டீங்களா மச்சான்?"

"ம்."

"பொய் சொல்லக்கூடத் தெம்பில்ல உங்களுக்கு. சாவியக் கொடுங்க. சிலுவைய எடுத்துட்றேன். எடுக்கலன்னா அக்கா எப்படிப் போவா?"

"போக வேண்டாம்."

அவள் பூட்டிய கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவ இங்கயே இருக்கலாம். ஆனா தனியா இருக்க மாட்டா மச்சான். சின்னதுலேர்ந்து அவளுக்குத் தனியாப் படுக்க பயம்."

பூவை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நபோர் கதவைத் திறந்தான். ஈரச் சுண்ணாம்பும் வெனிலாவும் கலந்த வாசனை. உள்ளே, எலிகள் கூடு பின்னும்போது புல்லைக் கிழிக்குமே, அந்த மெல்லிய, விட்டுவிட்டு வரும் ஓசை. கட்டிலிலிருந்துதான் வந்தது. அவன் உள்ளே போனதும் நின்றது.

தரையில் சிலுவை கலையாமல் இருந்தது. அதன்மேல் கரும்புள்ளிகள். நகர்ந்தன. காலையில் போன பூச்சிகள். சுண்ணாம்பைத் தாண்டி, கட்டில் காலேறி, விரிப்பில் அவள் படுத்த பக்கத்துப் பள்ளத்துக்கு.

அவன் தன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கழுத்தில் அரித்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு பூச்சி வெளியே வந்தது. மணிக்கட்டிலிருந்து இன்னொன்று. காதோரத்திலிருந்து. முடிக்குள்ளிருந்து. ஒவ்வொன்றாக. அவனை விட்டு இறங்கின. அவசரமில்லாமல். எல்லாம் அந்தப் பள்ளத்துக்கே.

பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தான்.

சூடு. காய்ச்சல் சூடு.

விரிப்பு மெல்ல இன்னும் அமுங்கியது. அவன் கைக்கடியில் ஏதோ ஒன்று கூசி விலகியது. ஆஸ்பத்திரியில் விலகியது போலவே. அன்றும் இப்படித்தான் கையை வைத்தான். அவள் பிராணவாயு முகமூடியை ஒதுக்கினாள். சிரிக்கப் பார்த்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"கைய எடு நபோர். செத்தவன் கை மாதிரி சில்லுன்னு இருக்கு."