சோபாவில் ஒரு பொம்மை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு எடுத்தார். காலையிலிருந்து லாக்கப்பில் ஒருவன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். "அக்காவை நான் கொல்லல சார்... என்னை வரச் சொன்னதே மாமாதான்..."

நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். இப்போது மணி மூன்று.

"சார், நான் கம்ப்யூட்டர்ல வீட்டு மாடல் போடற பொண்ணு பேசறேன். கோர்ட்டுல காட்டணும்னு நீங்க கொடுத்த வீடியோவை வெச்சு வீட்டைக் கட்டிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்..."

"சீக்கிரம் சொல்லும்மா."

"ஹால் சோபாவில ஒரு பொம்மை உக்காந்திருக்கே. அதை மாடல்லேருந்து எடுத்துடட்டுமா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொம்மையா? அதாம்மா கொலையான பொண்ணு! வீட்டை விக்கறதுக்காகப் புருஷன் பத்து மணிக்கு எடுத்த வீடியோ அது. எடுத்துட்டு ஆபீஸ் போயிட்டார். பதினோரு மணிக்கு அவ தம்பி வந்தான், இப்போ லாக்கப்ல இருக்கானே அவன். அப்புறம்தான் பொணம். நீ வீடியோவையே பாக்கலயா?"

"பாக்க மாட்டேன் சார். நேரா மெஷின்ல போட்டுடுவேன்."

மறுமுனையில் மூச்சு வாங்கியது.

"சார்... உயிரோட இருக்கறவங்க என் மாடல்ல தங்க மாட்டாங்க."

இருபதே நிமிடம்...

இன்ஸ்பெக்டர் அவள் மேஜை முன்னால் நின்றார். பக்கத்தில் புருஷன். வீட்டை அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்.

அவள் மவுஸை நகர்த்தினாள். திரையில் ஹால் விரிந்தது.

"நாலு பக்கமும் ஒரே நேரத்துல பிடிக்கற கேமரா சார். குச்சியில மாட்டிக்கிட்டு நடந்திருக்கார். ஆயிரக்கணக்கான படத்தைச் சேர்த்துத்தான் மெஷின் வீட்டைக் கட்டும். அசையாத சாமான் பளிச்னு வரும். அசைஞ்சா கலைஞ்சு போயிடும். அதோ, ஜன்னல் திரை... காத்துல ஆடியிருக்கு. வெறும் புகையா இருக்கு பாருங்க."

"என் மனைவி அமைதியா உக்காருவா," என்றான் புருஷன்.

"சோபாவைச் சுத்தி நாலு நிமிஷம் நடந்திருக்கீங்க. தூங்கற ஆளுக்குக்கூட மூச்சுல நெஞ்சு மங்கிடும் சார். முழிச்சிருந்தா கண்ணு தெளிவா வரவே வராது. இமைக்கறோம்ல?"

சோபா பொம்மையின் முகத்தைத் திரையில் நெருக்கத்தில் கொண்டு வந்தாள்.

திறந்த கண்கள். இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்!

இதே வீடியோவை மூன்று தடவை பார்த்தவர் இன்ஸ்பெக்டர். புருஷன் "சிரிம்மா" என்று சொன்னதைக் கேட்டு, பத்து மணிக்கு அந்த மனைவி உயிரோடு இருந்ததாக எழுதியும் வைத்துவிட்டார். அவமானமாக இருந்தது.

"வீடு அவ பேர்ல..." புருஷன் முனகினான். "விக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா..."

"அதுக்காகக் கொன்னுட்டு, பழியை மச்சான் தலையில போட்டியா?"

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டாம். அந்தத் தம்பியை வெளியே உக்கார வை. சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடு. நான் வந்து அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

புருஷனின் கால்கள் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தன.

அவன் தோளில் இன்ஸ்பெக்டரின் கனமான கை விழுந்தது.

"அசையாம நில்லுங்க சார். ஸ்டேஷன்ல போட்டோ எடுக்கறப்போ பளிச்னு விழணும்!"