மூன்று இடங்களில் தெளிவில்லை

எங்கள் அலுவலகம் ஒரு பழைய வீடு. கீழே ஐந்து அறைகள், மாடியில் மேலாளர். யாரோ குடும்பம் நடத்திய வீடுதான், பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் கூடத்துச் சுவரில் இன்னும் இருக்கின்றன. அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவும் நானும் நனைந்த குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு, "இன்னைக்கு எத்தனை பேரைக் கொல்லப் போறாங்களோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தோம். தினமும் சொல்வதுதான். வெளியாட்கள் யாராவது கேட்டிருந்தால் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் வேலை இதுதான். சிறைகளிலும் முகாம்களிலும் அடிபட்டுப் பிழைத்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், இவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள் எங்களுக்கு வரும். எந்த ஊர், எந்த ஆட்சி என்று சொல்ல மாட்டார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்வாள். எத்தனை முறை கேட்டும் புரியாத இடத்தில் மட்டும் 'தெளிவில்லை' என்று போடலாம். அந்த இடத்தைச் சரிபார்ப்பவர் மூன்று முறை கேட்க வேண்டும். அப்போதும் புரியவில்லை என்றால் ஓரத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்த இடத்தை உலகத்தில் ஒருவரும் திரும்பக் கேட்கப்போவதில்லை.

சரிபார்ப்பவள் நான்தான். பதினோரு வருடமாக.

அக்கா முதல் சில வருடங்கள் வீட்டுக்கு வந்து அழுவாள். பிறகு கோபம் வந்தது, செய்தி பார்க்கும்போது டிவியைத் திட்டுவாள். அப்புறம் அதுவும் நின்றுபோய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவாள்.

"பாப்பா, இந்த பஸ்ல நாற்பது பேர் இருக்காங்க. ஒருத்தன் வந்து உத்தரவு போட்டா, இதுல எத்தனை பேர் செய்வாங்க சொல்லு?"

"சும்மா இரு அக்கா. கண்டக்டருக்குக் கேக்கப் போவுது."

"கண்டக்டர் கண்டிப்பா செய்வான்."

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. ஊழியர்களின் மனச்சோர்வைப் போக்க ஓர் 'அமைதி அறை' திறந்தார். இரண்டு மெத்தை, ஒரு தொட்டிச் செடி. மாதம் ஒருமுறை ஓர் ஆலோசகர் வந்து, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். செடி மூன்றாவது மாதமே வாடிப்போனது. அதற்கே தாங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

அவளுடைய தாள்களில் 'தெளிவில்லை' கூடிக்கொண்டே போனது எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் பால்காரர் மணியடித்தால் படுக்கையில் இருந்தே கண்டுபிடிக்கிற காது அவளுக்கு. நான் ஹெட்போனை எடுக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. கேட்க எனக்கும் தெம்பு இல்லை. இதை இப்போதாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணி. அக்கா கோப்பு எடுக்க இரும்பு பீரோவைத் திறந்தாள். நான் பின்னால் நின்று டீக்குச் சர்க்கரை கலந்துகொண்டிருந்தேன். மழை வாசனையோடு வேறு ஏதோ வாசனையும் வந்தது, சவரம் செய்த பிறகு ஆண்கள் பூசிக்கொள்ளும் மலிவான வாசனைத் தண்ணீர் போல. அறையில் ஆண்கள் யாரும் இல்லை.

பீரோக் கதவு மூடியது.

அக்காவின் வலது கை உள்ளே இருந்தது.

நான் ஓடுவதற்குள் கதவு திறந்தது. அவள் கையை இழுக்கப் பார்த்தாள், வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்ததுபோல் அவள் தோள் முன்னால் இழுபட்டது. கதவு மறுபடி மூடியது. மறுபடி. நான் கதவின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் சேர்த்துக்கொண்டு அது மூடியது. எலும்பு உடைகிற சத்தத்தைப் பற்றிப் பலர் சொல்லி ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். நேரில் கேட்டால் அது ரொம்பச் சின்னச் சத்தம்.

ஐந்து முறை.

அதற்குப் பிறகு கதவு ஒரு குழந்தை தொட்டாலும் ஆடுகிற அளவு லேசாக இருந்தது. கீல் பழுது என்று மேலாளர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அறுவை சிகிச்சைக்கு வியாழன் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது அக்கா, "வாசனை வந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

மறுநாள் நான் லீவு போட்டேன். நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற வீடு. அவளைப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுத்தேன். சாயங்காலம் முகம் கழுவ வேண்டும் என்று எழுந்து போனாள். நான் அடுப்படியில் நின்றேன்.

அதே வாசனை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு.

"அக்கா!"

குளியலறையிலிருந்து ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் வந்தது. ஒன்று. இரண்டு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தோளால் மோதினேன், அம்மிக் குழவியைத் தூக்கி வந்து தாழ்ப்பாள் தெறிக்கும்வரை இடித்தேன். அக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். அவள் தலைமயிரை ஏதோ மேலே தூக்கிப் பிடித்திருந்தது. நனைந்த துண்டு ஒன்று அந்தரத்தில் சுழன்று வந்து அவள் இடது தாடையில் இறங்கியது. பற்கள் சுவரில் தெறித்தன. நான் துண்டின் மேல் பாய்ந்து விழுந்தேன். அது கனத்தது. பிரித்துப் பார்த்தேன். கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த அரைச் செங்கல், ஒழுங்காக முடிச்சுப் போட்டு உள்ளே இருந்தது. நல்ல முடிச்சு, பழகிய கை போட்டது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல யாராவது அடிக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

புதன்கிழமை மதியம் அக்காவின் சாமான்களை எடுத்து வரலாம் என்று அலுவலகம் போனேன். அவள் மேஜையில் ஒரே ஒரு தாள்கட்டு இருந்தது. ஒரு சாட்சியின் வாக்குமூலம். பக்கத்து நாற்காலியில் கட்டிப்போட்டிருந்த ஒரு மனிதருக்கு மூன்று நாட்களில் நடந்ததை அவர் சொல்லியிருந்தார். முதல் நாள் என்று தொடங்கிய இடத்தில் தெளிவில்லை. இரண்டாம் நாள், தெளிவில்லை. மூன்றாம் நாள், தெளிவில்லை. மூன்றுக்கும் பக்கத்தில் என் கையெழுத்து, வாலை நீளமாக இழுத்துவிட்டு.

ஹெட்போனை மாட்டினேன்.

"மொத நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும்," என்றது ஒரு வயதான குரல், கண்ணாடி மாதிரித் தெளிவாக. "செண்ட் வாசனை வரும், அவன் வந்துட்டான்னு தெரிஞ்சுக்குவோம். அவரோட வலது கையை இரும்புக் கதவுல வச்சு மூடினான். அஞ்சு வாட்டி. நான் எண்ணினேன். யாராவது எண்ணணும்ல?"

இரண்டாவது இடத்துக்கு ஓட்டினேன். ஈரத்துணி. செங்கல். இடது தாடை.

அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பயமே வரவில்லை. அவர் பாவம், சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுதிவைக்காமல் விட்ட இடத்தில் அடித்த அந்த இன்னொருவன் மிச்சம் இருக்கிறான். அவன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். உட்கார்ந்து இரண்டு இடத்தையும் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தேன்.

மூன்றாவது இடத்துக்குப் போனேன்.

இரைச்சல். வெறும் இரைச்சல்.

மூன்று முறை கேட்டேன், முப்பது முறை கேட்டேன். இப்போது நிஜமாகவே ஒன்றும் இல்லை. அதை முழுதாகக் கேட்ட காது இந்த உலகத்தில் அக்காவுடையது மட்டும்தான். மணி மூன்று ஐந்து.

ஆஸ்பத்திரிக்குள் ஓடும்போது மூன்று நாற்பது. ஆறு கட்டில் உள்ள வார்டு, அக்கா ஜன்னலோரம். திரையை இழுத்துவிட்டு, அவள் இடது கையில் பேனாவைத் திணித்து, தாளை நெஞ்சில் வைத்தேன்.

"அக்கா, மூணாவது நாள். என்ன சொன்னாரு அவரு? எழுது."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீ எழுதலைன்னா செத்துடுவ. எனக்கு நீ வேணும். வேற யாரு இருக்கா எனக்கு?"

பிறகு இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியையும் நான் மடியில் இருந்த வாக்குமூலத் தாளில் பெயர்த்தெழுதினேன்.

*கழுத்துல ஒயர் மாட்டினான்.*

*அப்ப அவன் போன் அடிச்சது.*

வாசனை வந்தது.

*எடுத்தான். அவன் பொண்ணு. காய்ச்சல் போல. மருந்து குடிச்சியா கண்ணு என்று கேட்டான்.*

அக்காவின் தலைமாட்டில் தொங்கிய சலைன் குழாய் தானாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"எழுதுக்கா, நிறுத்தாத!"

குழாய் அவள் கழுத்தை இறுக்கி மேலே தூக்கியது. இடுப்புவரை கட்டிலை விட்டு எழும்பினாள். கட்டியிருந்த பற்களுக்கு நடுவே ரத்தம் நுரைத்தது. நான் குழாய்க்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை விரலை நுழைத்து இழுத்தேன். என் விரல் நகம் பிய்ந்து வந்தது. எதிரே யாரோ நின்றார்கள், மூச்சு என் நெற்றியில் பட்டது. பதற்றமே இல்லாத மூச்சு. அக்காவின் கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது.

*ஒரு கையால் போன். ஒரு கையால் இறுக்கினான். குரல் மாறவே இல்லை. எவ்வளவு பாசமாகப் பேசினான். பாப்பா, அதைத்தான் என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை.*

நான் எழுதினேன்.

*அவர் செத்துப்போனார்.*

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

குழாய் தளர்ந்தது. அக்கா தலையணையில் விழுந்தாள். இருமினாள், மூச்சு வந்தது, மறுபடி வந்தது. நான் அவள் நெஞ்சில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். அவள் கட்டுப் போட்ட கையை என் முதுகில் வைத்தாள். வார்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, பக்கத்துக் கட்டில் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வாசனை போய்விட்டது. மணி நான்கு பத்து. உலகம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், என் அக்கா இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் பேனாவைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன்.

*அதோடு ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்,* என்று எழுதினாள். *அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மீதியை நான் கேட்கவில்லை. நீயாவது கேட்டாயா?*

மூன்றாவது இடத்தைத் தாண்டி நானும் ஓட்டிக் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு போன் அடித்தது. இரண்டு முறை அடித்து நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சொல்லு கண்ணு," என்றது ஒரு ஆண்குரல். அவ்வளவு கனிவான குரலை நான் கேட்டதே இல்லை. "அப்பா வேலைல இருக்கேன்டா. சமத்தா தூங்கு. இன்னும் ஒருத்தங்கதான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்."