மூத்தவளின் சவுரி

நேற்று சாயங்காலம் புஷ்பவல்லி கதவைச் சாத்தித்தான் நெய்திருந்தாள். இன்று காலையில் அது விரற்கடை அளவு திறந்திருந்தது.

வீட்டுக் கதவு இல்லை; சுவரில் மாட்டுவதற்காக அவள் நெய்துகொண்டிருந்த சாண் அகலப் படத்தின் கதவு. பால் டின் பெட்டிப் பலகையில் சட்டம் கட்டி, மேலும் கீழும் ஆணி அடித்து, சணல் இழுத்து, பெரிய ஊசியில் கம்பளி நூல் கோத்து ஒன்று விட்டு ஒன்று நுழைப்பாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பாதி வீடுகளில் அவளுடைய கிளியும் மயிலும்தான் தொங்கின. இந்த முறை தன் வீட்டையே நெய்ய ஆசைப்பட்டாள். மஞ்சள் சுவர், சிவப்புக் கூரை, நடுவில் கறுப்புக் கதவு. கைதான் தப்பியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்த இடுக்கில் சணலும் தெரியவில்லை, பின்னாலிருந்த சுவரும் தெரியவில்லை. சீயக்காயும் வாடிய மல்லிகையும் கலந்த ஈரத் தலையின் வாசம் அதற்குள்ளிருந்து வந்தது.

கணவன் வேலாயுதம் எஞ்சினுக்குக் கரி தள்ளப் பிறை ஸ்டேஷன்வரை போயிருந்தான், நாளைதான் வருவான். ஐந்து மாதக் குழந்தை ரமணி தூளியில் உறங்கியது. இரண்டு கரு கலைந்தபின் அவள் வேண்டாத தெய்வமில்லை. அப்படிப் பெற்ற பிள்ளை.

மத்தியானம் புளி கேட்டு வந்த பக்கத்து வீட்டு வீரம்மா படத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கறுப்பு மட்டும் என்னா இப்படிப் பளபளங்குது? பாசார்ல வாங்குனியா?"

"இல்லக்கா. கறுப்பு நூலு தீந்துபோச்சு. உள்ள ஒரு பொட்டியில பழைய சவுரி கெடந்துச்சு, அதப் பிரிச்சுப் போட்டேன்."

வீரம்மா கையை இழுத்துக்கொண்டாள். "எந்தப் பொட்டி? மஞ்சத் துணி கட்டுனதா?"

"ஆமா."

"அடிப்பாவி, அது பூவாடைக்காரி பொட்டி. மூத்தவளுக்கு வருசத்துக்கு ஒருநாள் சேலை வச்சுக் கும்புடத்தான் அதத் தொறக்கணும். ஒரு புள்ளைக்காக ஏங்கி ஏங்கியே செத்தவ அவ. வெளக்கு வைக்கிறதுக்குள்ள பிரிச்சு உள்ள வச்சுரு."

சீதாலெட்சுமி. வேலாயுதத்தின் முதல் மனைவி, தாலியோடு போய்ச் சேர்ந்தவள். தன் தலையில் உதிர்ந்த முடியையே சேர்த்துச் சேர்த்துக் கட்டிய சவுரி. அவசரத்துக்குப் பாவமில்லை என்றுதான் எடுத்தாள் புஷ்பவல்லி.

வீரம்மா போனதும் மழை பிடித்தது. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் செந்தூல் பக்கம் போகும் ரயில்கூடக் கேட்கவில்லை. வீடு இருண்டது. அவள் ஊசி நுனியால் ஒரு முடியை நெம்பி இழுத்தாள்.

தூளியில் விக்கல் போல ஒரு சத்தம்.

இன்னொன்றை இழுத்தாள். சத்தம் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ரமணியின் உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை. உலுக்கினாள், ஊதினாள், முதுகில் தட்டினாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், திரும்பி ஓடி வந்து அந்த முடியை எடுத்த இடத்திலேயே நுழைத்தாள்.

குழந்தை மூச்சிழுத்தது.

"வீரம்மாக்கா!" மழை அவள் குரலை விழுங்கியது. குழந்தையைத் தூக்க எழுந்தாள். மூச்சு நின்றது. உட்கார்ந்து ஒரு இழை நெய்தாள். வந்தது.

நெய்தாள். ஊசி தானே இடம் தேடியது. கதவு அகன்றது. இருட்டில் ஒரு கொண்டை. ஒரு தோள். முந்தானை. நிறுத்தினால் பிள்ளை போய்விடும். நெய்தால் மூத்தவள் வந்துவிடுவாள். புஷ்பவல்லிக்கு இரண்டும் தெரிந்திருந்தது. கை நிற்கவில்லை.

சவுரி தீர்ந்தது. தூளியில் மூச்சு திணறியது. தன் கூந்தலை அவிழ்த்து, ஒரு கொத்தை வேரோடு பிடுங்கினாள். ஊசியில் கோத்தாள்.

மூத்தவளுக்குக் கைகள் மட்டும்தான் பாக்கி.

வலது கை நெய்தாள். முழங்கை. மணிக்கட்டு. விரல்கள்.

இடது கை.

தூளியின் துணி தளர்ந்தது. ரமணி படுத்தவாக்கிலேயே மெல்ல மேலே எழும்பியது. கழுத்துக்குக் கீழே ஏதோ தாங்கியிருந்தது, தலை சாயவில்லை. பொக்கை வாயைத் திறந்து யாரையோ பார்த்துச் சிரித்தது. நன்றாக மூச்சு விட்டது.

வெறுங்காற்றில், ஆடி ஆடி, அது படத்தை நோக்கி வந்தது. அம்மாவின் காதோரமாக, தொடாமல், கடந்தது.

புஷ்பவல்லி அடுத்த முடியைப் பிடுங்கினாள்.