பேட்டரி வேண்டாத கேமரா

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க ஒரு படம் வேண்டும். அதைத் தேடித்தான் டெல்பின், இறந்துபோன தம்பி ஆண்ட்ரூவின் அபிராமபுரம் வீட்டில் வந்து தங்கினாள். கொடுமையைப் பாருங்கள், ஊர்க் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன் வீட்டில் அவன் முகம் மட்டும் இல்லை. ஆதார் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ களவாணி மாதிரி இருந்தது.

அலமாரியில் அவனுடைய பழைய ஃபிலிம் கேமரா கிடந்தது. உள்ளே பாதி ஓடிய ரோல். அதில் அவன் தன்னைத்தானே ஒன்றாவது எடுத்திருப்பானோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. இதற்குப் பேட்டரியே வேண்டாம், கட்டைவிரலால் லீவரை இழுத்துப் பட்டனை அழுத்தினால் போதும் என்று பீற்றிக்கொள்வான். எடுப்பதற்கு முன், நகம் பிளந்த அதே விரலால் அக்காவின் தாடையைத் தூக்கிவிடுவான்.

ரோலைக் கழுவக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதிலும் அவன் இல்லாவிட்டால்? கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள். மத்தியானம் கண் அசரும்போதெல்லாம் ஒரு சத்தம்.

கிர்ர்க். ணக்.

பல்லி என்று நினைத்தாள். பிறகு ஜன்னல் கொக்கி என்று நினைத்தாள். எழுந்து பார்த்தால் அலமாரி சாத்தியே இருக்கும். அறையில் மட்டும் ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை அடிக்கும்.

அவன் கையில் அடிக்கும் வாடை அது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் மயிலாப்பூரில் ஃபிலிம் கழுவும் கபாலியிடம் கேமராவைக் கொண்டுபோனாள். லீவர் நகரவில்லை. ரோல் முழுக்க ஓடிவிட்டது என்றான் அவன்.

கழுவிய ஃபிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். முதல் பாதியில் ஏதோ கல்யாண வீடு. மறுபாதி முழுக்க டெல்பின். துக்கத்துக்கு உடுத்திய வெள்ளைச் சேலையில், தூங்கியபடி.

ஒவ்வொரு படத்திலும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

"படம் தானா விழுந்திருக்கும்ல, கபாலி?"

"பேட்டரி கீற கேமரான்னா அப்டி சொல்லிடலாம்க்கா. இதுல யாராச்சும் வெரலால இழுக்கணும்."

கடைசிப் படத்தில் அவள் முகம் மட்டும். அதன் தாடையை ஒரு கட்டைவிரல் தூக்கிப் பிடித்திருந்தது.

நகம் பிளந்த விரல்.

டெல்பினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தாலா, பாசத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை தேடியும் அவனில் கிடைத்தது இவ்வளவுதான். இதை எப்படி அட்டையில் போடுவது?

"மூஞ்சியக் காட்டேன்டா," என்றாள் மெல்ல.

மேஜைமேல் பின்மூடி திறந்தபடி, ரோல் இல்லாமல் கேமரா கிடந்தது. கபாலி அதைப் பார்த்தபடியே சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கிர்ர்க்.

அவள் தாடைக்கு அடியில் சில்லென்று ஏதோ பட்டது. முகம் தானாக நிமிர்ந்தது.