போன பிறகும் நின்றவள்

அவளுக்குக் கால் இருக்கிறதா என்றுதான் செம்மல் முதலில் பார்த்தான்.

இருந்தது. இரண்டும். சேறு அப்பிய ரப்பர் செருப்புக்குள்.

ஆனால் அவன் லேப்டாப் வேறு மாதிரி சொன்னது. 'அறையில் ஆட்கள்: 0.'

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூடிக் கிடந்த அரிசி மில்லின் குடோன் அது. மத்தியானம் மூன்று மணியையே கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி, சுவர் முழுக்கப் புரொஜெக்டரால் வெளிச்ச மழை பெய்ய வைத்திருந்தான் செம்மல். மூலையில், இருட்டிலும் பார்க்கும் கேமரா. யாராவது வந்து நின்றால் சுவரில் அவர் உருவம் எழும். மழை அதன் தோளில் வழிந்து விரல் நுனியில் சொட்டும். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறப்பு. பி.இ. படித்த பையன் எட்டு மாதமாக இதைத்தான் செய்கிறான் என்பதை வீட்டில் இன்னும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவில்லை.

வெளியே நிஜ மழை. அதற்கு ஒதுங்கி வந்தவள்தான் இவள். வந்தபோது அவள் உருவம் சுவரில் பளிச்சென்று எழுந்தது. அப்புறம் அவள் அசையவே இல்லை... சிமிட்ட மறந்த பெரிய கண்களால் மழையையே பார்த்தபடி நின்றாள். நிமிஷங்கள் போகப் போக, சுவரில் அவள் பாதம் கரைந்தது. பிறகு இடுப்பு. கடைசியாக முகம். மழை அவளை ஊடுருவிக்கொண்டு விழுந்தது.

"ஏங்க... ஒங்க மெஷினு என்னைய அழிச்சிருச்சு," என்றாள், திரும்பாமலே.

துணிக்குப் பின்னாலிருந்து வந்தான். "புரோகிராம்ல ஒண்ணும் தப்பு இல்லங்க. நீங்க நிக்கிற விதம் சரியில்ல."

"நிக்கிறதுல என்னங்க விதம்? நான் எக்ஸ்ரே எடுக்கிறவ. அசையாதீங்க, அசையாதீங்கன்னு நாளைக்கு நாப்பது பேருகிட்டச் சொல்றேன். எனக்கே பழகிப்போச்சு."

"மனுசங்கன்னா கொஞ்சமாச்சும் அசையணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப நான் மனுசி இல்லைங்கிறீங்க."

ஆமாம் என்றது லேப்டாப். செம்மல் சொல்லவில்லை, அவள் கண்ணைப் பார்த்துவிட்டான்.

ஆவூர் பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள். குடோன் காலி...

சுவரில் ஒரு பெண் நின்றாள்.

ஒற்றைப் பின்னல், லேசாகச் சாய்ந்த கழுத்து... மழை அவள் தோளில் வழிந்தது. தரையில் யாரும் இல்லை. 'ஆட்கள்: 1.' செம்மலுக்கு முதுகு ஜில்லிட்டது. காரணம் அவனுக்குத் தெரியும். அசையாமல் நிற்பவரை மெஷின் சுவரோடு சுவராக நினைத்துக்கொள்கிறது. அவர் போனதும், அந்தக் காலி இடம் அதற்கு ஆளாகத் தெரிகிறது. ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும். சுத்தமான தப்பு. ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றத்தான் உட்கார்ந்தான்... மாற்றவில்லை. காரணம் தெரிந்தும் புல்லரிப்பு அடங்கவில்லை. எழுந்து வந்து, அந்த முகம் கரையும்வரை எதிரே நின்றான்.

மறுநாள் மழை இல்லை. அவள் வந்தாள்.

"எம் பேரு அருள்ராணி. இன்னைக்கும் நான் காணாமப் போனா, போலீஸ்ல பேரு கேப்பாங்கல்ல."

"போகமாட்டீங்க. தப்பு இல்லைன்னேன்ல."

காணாமல் போனாள். அவன் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், வந்ததுமே சொன்னாள். "இன்னைக்கோட சரிங்க. நாளன்னைக்கு மஸ்கட்டு கெளம்புறேன். அங்க ஆஸ்பத்திரி வேலை... ரெண்டு வருசம்."

"நல்லதுங்க," என்றான். எட்டு மாதமாக ஆயிரக்கணக்கில் வரி எழுதியவனுக்கு, அந்த நேரத்தில் கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

அவள் சுவர் முன் நின்றாள். இன்று அவன் துணிக்குப் பின்னால் போகவில்லை. தூணோரம் நின்றான். காதோரத்தில் சுருண்ட முடி... கண்ணில் ஓடும் மழை... சொல்லிவிடு... பஸ் வந்துவிடும்... சொல்லு.

ஹாரன்தான் வந்தது. அவள் வாசலுக்கு நடந்தாள். இவனும் பின்னாலேயே. கதவருகே கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தவள், அப்படியே உறைந்தாள்.

சுவரில் இரண்டு பேர்.

மழைக்குள் அவள். மூன்றடி தள்ளி, அவள் பக்கமே முகம் திருப்பிய ஓர் ஆண். எதிரே தரை காலியாகக் கிடந்தது.

"அது... யாருங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

செம்மலுக்கு இரண்டே வழி. மெஷின் சரி என்றால், குடோனில் பேய் இருக்கிறது. மெஷின் தப்பு என்றால், ஒரு மடையன் ஐந்து நிமிஷம் ஆடாமல் அசங்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பேய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தப்புங்க... புரோகிராம்ல தப்பு இருக்கு. அசையாம நின்னவங்க போன பொறகு, அவங்க உருவத்தக் காட்டும். அது... நான்தாங்க."

பஸ் நகர்ந்து போனது. அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அந்தத் தப்பு எனக்கு முந்தாநேத்தே தெரியும்," என்றாள் மெதுவாக. "பஸ்ஸ நிறுத்திட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து துணியோரமாப் பாத்தேன். ஆளே இல்லாத எடத்துல, என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க... ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

"பயந்துட்டீங்களா?"

"பயந்துட்டு, மறுநாளும் வந்தேன்." தலை குனிந்தாள். "ரெண்டு நாளா மூச்சப் புடிச்சுக்கிட்டு எதுக்கு நின்னேன்னு நெனச்சீங்க? நான் போன பொறகும் நீங்க பாக்கணும்னுதான்..."

அவர்களுக்குப் பின்னால், சுவரில் இருவரும் பாதத்திலிருந்து கரையத் தொடங்கியிருந்தார்கள்.

"அடுத்த பஸ்ஸு நாலே முக்காலுக்கு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்குள்ள, மஸ்கட்டுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா போன் பண்ணுவீங்கன்னு சொல்லிருங்க."

"தெனமும்... ரொம்பப் புடிச்சிருக்குங்க ஒங்கள," என்றான் செம்மல், கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்து.